பீலிக்ஸுக்கு விட்ட இடம்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் கைவிட்டுப் போனது. யூலியானா மகனின் புதுக் கோட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றபோது கணவர் பீலிக்ஸின் குரல் செய்தி வந்தது. பின்னால் எண்ணெய் பொரியும் சத்தமும் யாரோ இத்தாலியனில் கத்தும் சத்தமும் கேட்டன. நடுவே அவர் சொன்னது இவ்வளவுதான்:

"இஞ்சை சரியான சனம். முதலாளி சிஞ்ஞோரா விடமாட்டா. நீங்கள் ரெண்டு பேரும் போய்ப் படத்தை எடுங்கோ. என்னை ஏர்னஸ்ற் பேந்து போடுவான்."

அவள் அதை இன்னொரு முறை கேட்டாள். என்னை ஏர்னஸ்ற் பேந்து போடுவான். கறிக்குக் கடைசியாக உப்புப் போடுகிற மாதிரி.

இத்தாலியின் பலெர்மோவில் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வந்தால் படம் எடுப்பது கலியாணத்துக்கு அடுத்த காரியம். றொனியோடு படித்த பெடியன்கள் மொண்டெல்லோக் கடற்கரையில் பாறை மேல் ஏறி நின்றும், வாடகைக்கு எடுத்த சிவப்புக் காரில் சாய்ந்தும், கலர் கலராகப் புகை விட்டும் எடுத்திருந்தார்கள். றொனிக்குப் பதினெட்டு வந்தது போன கோடையில். அப்போதும் பீலிக்ஸுக்கு அங்கே ஒரு ரெஸ்ரோறன்ரில் மீன் பொரிக்கிற வேலை. கோடையில் அந்த ரெஸ்ரோறன்ருக்கு ஓய்வு நாளே கிடையாது. "பள்ளிக்கூடம் முடியட்டும், சேத்து எடுப்பம்" என்றார். இப்போது பள்ளிக்கூடமும் முடிந்து, கடைசிச் சோதனையும் பாஸாகி, செப்டெம்பரில் றொனி எஞ்சினியரிங் படிக்க வடக்கே தொரினோ நகரத்துக்குப் போகிறான். அதற்குப் பிறகு மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் எப்போது இருப்பார்கள் என்று யூலியானாவுக்குத் தெரியாது.

அவளுக்குப் புகையும் வேண்டாம், சிவப்புக் காரும் வேண்டாம். மகன் போவதற்கு முன் மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று ஒரு படம் வேண்டும். கேட்பவர்களுக்கு இது ஒரு ஆசையாகவே தெரியாது. அவர்கள் அவளுடைய வீட்டுச் சுவரைப் பார்த்ததில்லை.

சுவரில் மூன்று குடும்பப் படங்கள். முதலாவது, மன்னாரில் றொனியின் ஞானஸ்நானம். குழந்தையை ஏந்தியபடி மெலிந்த யூலியானா. பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட பீலிக்ஸ். உண்மையில் அன்றைக்கு பீலிக்ஸ் பலெர்மோவில் கோப்பை கழுவிக்கொண்டு, விசாப் பத்திரங்கள் எப்போது வரும் என்று காத்திருந்தார். ஊர் ஸ்ரூடியோக்காரன் கலியாணப் படத்திலிருந்து மாப்பிள்ளையை வெட்டி எடுத்து ஒட்டிவிட்டான். இரண்டாவது, பலெர்மோக் கோயிலில் றொனி முதல் நன்மை வாங்கிய நாள். பீலிக்ஸ் வேலையில். பலெர்மோப் படக்காரன் ஏர்னஸ்ற் ஒட்டினான். மூன்றாவது, அதே கோயிலில் உறுதிப்பூசுதல். அதுவும் அப்படியே. மூன்றிலும் அதே கோட்டு, அதே சிரிப்பு, இடது பக்கம் சரித்த அதே தலை, அடர்ந்த அதே முடி. குழந்தை சிறுவனாகி, சிறுவன் மீசை அரும்பிய பெடியனாகி நிற்கிறான். யூலியானா கன்னம் கனத்து, கண்ணாடி போட்டு நிற்கிறாள். பீலிக்ஸ் மட்டும் முப்பத்தொரு வயதில் நிற்கிறார்.

"இன்னும் கொஞ்ச வருசம் போனா அப்பா எனக்குத் தம்பி," என்று றொனி ஒருநாள் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். பீலிக்ஸ்தான் கூடச் சிரித்தார்.

அயர்ன் பெட்டியை நிறுத்திவிட்டு யூலியானா றொனியின் அறைக் கதவைத் தட்டினாள்.

"வெளிக்கிடு. போவம்."

"அப்பா?"

"வேலையாம்."

"அப்ப ஏன் போறம்?"

"ஏர்னஸ்ற் நேரம் தந்திருக்கிறார். இதையும் விட்டா அவருக்கு செப்டெம்பர் வரைக்கும் கலியாணவீடுதான். கதைக்காமல் வா, ராசா."

ஏர்னஸ்றின் ஸ்ரூடியோ நகரத்தின் கிழக்குக் கரையில், பிரான்காச்சோவில், கார்த் தகரம் தட்டும் ஒரு பட்டறைக்குப் பின்னால் இருந்தது. கிழமை நாட்களில் அவன் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்குகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பலெர்மோத் தமிழர்களின் சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவன்தான். பஸ்ஸில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. போய் இறங்கும்போது யூலியானாவின் பவுடர் கழுத்துக்கு வந்திருந்தது.

"வாங்கோ அக்கா. அண்ணை வரேல்லையே?"

"வரேல்லை."

"ஒரு பிரச்சினையுமில்லை. அண்ணையின்ரை கலியாணப்பட ஃபைல் என்னட்டைக் கிடக்கு."

அவன் பின்திரையை இழுத்துவிட்டு, நிலத்தில் மஞ்சள் ரேப் ஒரு துண்டை ஒட்டினான். "இது அண்ணை. அக்கா, நீங்கள் இந்தப் பக்கம். றொனி, நீ அந்தப் பக்கம். நடுவிலை ஒரு ஆள் நிக்கிற அளவு…"

சொல்லி முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. தாயும் மகனும் ஏற்கெனவே ஒரு ஆள் அளவு விட்டுத்தான் நின்றார்கள். கமெராவைக் கண்டதும் கால் தானாக விலகி நின்றுவிட்டது. றொனி அந்த வெறும் இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"நல்லம்," என்றான் ஏர்னஸ்ற். "றொனி, கையை அப்பாவின்ரை தோளிலை போடுற மாதிரி வை. புதுசா இருக்கும்."

றொனி கையைத் தூக்கினான். "எவ்வளவு உயரத்திலை?"

"இன்னும் கொஞ்சம் கீழை. அப்பா உன்னைவிடக் கட்டை."

"இப்பத்தை அப்பாவோ, அந்த ஃபைலிலை கிடக்கிற அப்பாவோ?"

"விசர்க்கதை கதையாமல் வையடா. கை நோகப் போகுது."

கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. ஏர்னஸ்ற் லைற்றைத் திருப்பினான், லைற்றுக் குடையைச் சரித்தான், மறுபடி திருப்பினான். றொனி கையைக் கீழே போட்டான்.

"நான் காத்துக்குத் தோளிலை கை போடமாட்டன்."

"றொனி!"

"அம்மா, முதல் நன்மைப் படத்தை வடிவாப் பாத்தனீங்களோ? அப்பாவின்ரை சப்பாத்து நிலத்திலை முட்டேல்லை. ரெண்டு விரல் மேலை மிதக்கிறார். சிறகு முளைச்ச சம்மனசு மாதிரி."

"அது பழைய சொஃப்ற்வெயர்," என்றான் ஏர்னஸ்ற், முகம் சுருங்கி. "இப்ப நிழல்கூட விழுத்தலாம்."

"நிழல் வேண்டாம் அண்ணை. அல்லோரா, அப்ப ரெண்டு பேர்தானே வந்தனாங்கள்? ரெண்டு பேரையும் எடுங்கோ."

"அப்பா இல்லாமலோ?" யூலியானாவின் குரல் உயர்ந்தது. "நாளைக்கே ஊரிலையிருந்து போன் வரும், பீலிக்ஸுக்கு என்ன நடந்தது எண்டு. ஒண்டில் செத்துப்போனார் எண்டு நினைக்குங்கள், இல்லாட்டி எங்களை விட்டிட்டுப் போட்டார் எண்டு."

"அப்ப உயிரோடை இருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி எனக்குப் படமே வேண்டாம்."

அவன் கோட்டைக் கழற்றி லைற் ஸ்ராண்டில் தொங்கவிட்டு வெளியே போனான். வீட்டில் அரை மணி நேரம் நின்று அயர்ன் பண்ணிய கோட்டு. ஏர்னஸ்ற் நிலத்து ரேப்பைப் பிய்க்கலாமா விடலாமா என்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில்தான் இருந்தார்கள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அவள் கோட்டை மடியில் வைத்திருந்தாள். அவனை ஏச நினைத்தாள். ஆனால் அவன் சொன்னதில் எதையும் பிழை என்று சொல்ல அவளால் முடியவில்லை. அதுதான் கூட எரிச்சலாக இருந்தது.

"சிஞ்ஞோராவிட்டை நீங்கள் லீவு கேட்டனீங்களோ?" என்றான் றொனி திடீரென்று.

"அப்பா கேட்டவர்."

"அப்பா கேட்டவர் எண்டு அப்பா சொன்னவர்."



அடுத்த நாள் வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் மொண்டெல்லோ பஸ்ஸில் ஏறினாள். வழி முழுவதும் இத்தாலியனில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். என் மகன் தூரம் போகிறான், சிஞ்ஞோரா. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மட்டும் போதும். கெஞ்சுவது போலவும் இருக்கக்கூடாது, சண்டைக்கு வந்தது போலவும் இருக்கக்கூடாது. கடற்கரையில் மணல் தெரியாத அளவுக்குச் சனம். ஐஸ்கிறீம் வடிய நின்ற பிள்ளைகளை விலத்திக்கொண்டு அவள் ரெஸ்ரோறன்ருக்குள் போனாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. கல்லாவில் விசிறிக்கொண்டிருந்த சிஞ்ஞோரா றொசாலியா அவளை அடையாளம் கண்டு, "ஃபெலிச்சேயின் மனைவி! உட்கார், தண்ணீர் குடி," என்றாள். பீலிக்ஸ் அங்கே ஃபெலிச்சே.

யூலியானா அடுக்கி வைத்ததில் பாதியைச் சொல்லும்போதே சிஞ்ஞோராவின் விசிறி நின்றது.

"ஆனால் நான் ஜூலையிலேயே சொன்னேனே. எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமோ நாலு மணிக்குப் போ, எட்டு மணிக்குள் வந்துவிடு, அதுவரை என் மருமகன் அடுப்பைப் பார்ப்பான் என்று. அடுத்த நாள் அவன்தான் வந்து, வேண்டாம், படம் தள்ளிப்போய்விட்டது என்றான். அப்படியென்றால் இன்னும் எடுக்கவில்லையா?"

யூலியானா நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். காது இரண்டும் சுட்டன.

பீலிக்ஸ் பின்பக்கத்து ஒழுங்கையில், கவிழ்த்துப்போட்ட பிளாஸ்ரிக் கூடை மேல் இருந்து வத்தகப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றியிருந்தார். தொப்பி முழங்காலில் கிடந்தது. மனைவியைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"என்ன? றொனிக்கு ஏதுமோ?"

"ஆருக்கும் ஒண்டுமில்லை. சிஞ்ஞோரா ஜூலையிலையே லீவு தந்தவவாம்."

பீலிக்ஸ் முதலில் செய்தது தொப்பியை எடுத்துத் தலையில் போட்டதுதான். பிறகு மெதுவாக மறுபடி கூடையில் இருந்தார்.

"நீ ஏன் இந்த வெயிலுக்குள்ளை…"

"கதையை மாத்தாதேங்கோ. மூண்டு ஞாயிறு. மூண்டு தரமும் அவனுக்குக் கோட்டைப் போட்டுக் கழட்டினன். ஒவ்வொரு தரமும் அந்தப் பாவம் சிஞ்ஞோராவைத் திட்டினன். மகனோடை ஒரு படம் எடுக்க உங்களுக்கு என்ன கஸ்ரம்?"

"அவனோடை நிக்கக் கஸ்ரமில்லை. படத்திலை நிக்கத்தான்." அவர் தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார். "இதைப் பார்."

"நான் பாக்காத மண்டையோ?"

"நீ பாத்தனீ. வேறை ஆர் பாத்தது? மன்னாரிலை என்ரை தங்கச்சி மொனிகா, உன்ரை அண்ணன்மார், எல்லாருக்கும் நான் அந்தப் படத்திலை நிக்கிற மாதிரித்தான். முன்பல்லும் போச்சு. கோட்டுப் பூட்டாது. அதைப் பெரிசாப் பிறேம் போட்டு எல்லாருக்கும் அனுப்பப் போறாய்."

"வீடியோவிலை கதைக்கேக்கை பாக்கிறவைதானே?"

"எப்ப பாத்தவை?"

யூலியானா யோசித்தாள். வீடியோ அழைப்பு வந்தால் அவர் பொரிக்கிற சட்டியைக் காட்டுவார், கடலைக் காட்டுவார், றொனியைக் கூப்பிட்டு போனைக் கொடுப்பார். இத்தனை வருடமும் அவள் அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தாள்.

"அந்தப் படத்திலை நிக்கிறவனைத்தானே நீ கட்டினனீ," என்றார் பீலிக்ஸ். "அவன் அதிலையாவது அப்பிடியே நிக்கட்டும், யூலி."

அவர் நினைத்தது போல அவளுக்கு மனம் இளகவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது.

"அவனோடை நான் இருந்தது முழுசா ஒரு மாசம். அவனுக்குக் கறிக்குப் புளி கூடவேணுமோ குறையவேணுமோ எண்டுகூட எனக்குத் தெரியாது. நான் பழக முன்னம் பிளேன் ஏறிப் போட்டான். அவனை நினைச்சு நான் அழுததும் இல்லை, அழுற அளவுக்கு அவனைத் தெரியவும் தெரியாது. நான் இஞ்சை வந்து குடும்பம் நடத்தினது உங்களோடை. உந்த மண்டையோடை, உந்தத் தொந்தியோடை, உந்த மீன் மணத்தோடை. எனக்கு உங்கடை படம் ஒண்டுகூட இல்லை. விளங்குதோ? ஒண்டுகூட இல்லை."

பீலிக்ஸ் வத்தகப்பழத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா என்ரை போனிலை அந்தப் படத்தைப் பாத்திட்டு என்ன கேட்டவ தெரியுமோ? 'இது உன்ரை தம்பியோ, நல்ல வடிவா இருக்கிறான்' எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டிட்டன். வேறை என்ன சொல்ல?"

பீலிக்ஸ் சிரித்துவிட்டார். முன்பல் இல்லாத இடம் தெரிந்தது. உடனே கையால் பொத்தினார்.

"சிரிக்காதேங்கோ. எனக்குச் சிரிப்பு வரேல்லை. நேற்று உங்கடை மகன் வெறும் இடத்திலை கை போட்டுக்கொண்டு நிண்டவன், அப்பாவின்ரை தோள் எவ்வளவு உயரம் எண்டு கேட்டுக்கொண்டு. பிறகு காத்துக்குக் கை போடமாட்டன் எண்டிட்டு வெளிக்கிட்டுப் போட்டான். அவன் போற இடத்திலை என்னத்தை மாட்டப் போறான்?"

குசினிக்குள் இருந்து யாரோ "ஃபெலிச்சே!" என்று கூப்பிட்டார்கள். பீலிக்ஸ் சப்பாத்துக்குள் காலை நுழைத்தார். அதற்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

"எந்த ஞாயிறு?" என்று கேட்டார், குனிந்தபடியே.

"எனக்குத் தெரியாது. நான் இனி ஏர்னஸ்றுக்குப் போன் பண்ணமாட்டன். வெக்கக்கேடு. நீங்களே பண்ணுங்கோ."

வியாழக்கிழமை ஏர்னஸ்றிடமிருந்து செய்தி வந்தது. அண்ணை போன் பண்ணினார், ஞாயிறு ஒரு கலியாணத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறேன், உண்மையாகவே வருகிறாரா, இல்லை ஃபைலையும் ரெடியாக வைக்கவா என்று. யூலியானா செய்தியை மகனுக்குக் காட்டினாள்.

"பாப்பம்," என்றான் றொனி.

ஞாயிறு ஆபிரிக்கப் பக்கத்துச் சூடான காற்று வீசியது. யூலியானா ஸ்ரூடியோவில் சேலையோடு வியர்த்து நின்றாள். றொனி வாசலில் நின்று போனைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். சொன்ன நேரம் தாண்டியது. ஏர்னஸ்ற் கலியாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கமெராப் பையைத் திறந்து திறந்து மூடினான். அந்தச் சத்தம் ஒவ்வொரு முறையும் யூலியானாவின் தலைக்குள் கேட்டது. வரமாட்டார் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் சுவரில் இருக்கும் மூன்றையும் கழற்றுவது என்றும் முடிவு செய்துவிட்டாள்.

"வாறார்," என்றான் றொனி.

பீலிக்ஸ் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. பட்டறைக் குழாயில் முகம் கழுவி, அவள் கொண்டுவந்த சட்டையைப் போட்டார். கோட்டுப் பூட்டவில்லை. கழுத்தில் கட்டும் ரையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாங்கோ," என்று றொனி வாங்கினான். "நிமிந்து நில்லுங்கோ. மூச்சு விடாதேங்கோ, என்ரை முகத்திலை வெள்ளைப்பூடு மணக்குது."

"மகனாரின்ரை சொகுசைப் பார்," என்றார் பீலிக்ஸ். றொனி சிரிக்கவில்லை. ஆனால் முடிச்சை இரண்டு முறை அவிழ்த்து, மூன்றாம் முறை சரியாகக் கட்டினான்.

பிறகுதான் கரைச்சல் தொடங்கியது. நடுவில் விட்ட இடம் பீலிக்ஸுக்குப் போதவில்லை. ஏர்னஸ்ற் இருவரையும் விலகச் சொன்னால் பின்திரைக்கு வெளியே போனார்கள். கிட்ட வரச் சொன்னால் பீலிக்ஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டார். ஒட்டுவதற்கு ஆட்களை நிற்பாட்டியே பழகிய ஏர்னஸ்றுக்கு உயிருள்ள மனிதரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அண்ணை, வயித்தை எக்கிப் பிடியுங்கோ."

"பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்."

லைற் மின்னியது. பீலிக்ஸ் கண்ணை மூடினார். மறுபடி மின்னியது. மறுபடி மூடினார். சொல்லிச் சொல்லி எடுத்தும் ஒவ்வொன்றிலும் நித்திரை கொள்கிற மனிதராகவே விழுந்தார். பத்துப் பதினைந்து எடுத்திருப்பான். ஏர்னஸ்ற் மணியைப் பார்த்தான். வியர்வை யூலியானாவின் முதுகில் வழிந்து இறங்கியது. இத்தனை கிழமை அடக்கியது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"பதினெட்டு வருசமா எல்லாப் படத்திலையும் கண்ணைத் திறந்துகொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டனீங்கள்! வராத இடத்திலையெல்லாம் மாப்பிள்ளை மாதிரி நிண்டிட்டு, வந்து நிக்கிற ஒரே ஒரு நாளிலை உங்களுக்கு நித்திரையோ மனுசன்!"

லைற் மின்னியது.

ஏர்னஸ்ற் கமெராத் திரையைப் பார்த்தான். கமெராவை அவர்கள் பக்கம் திருப்பினான்.

படத்தில் பீலிக்ஸ் மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். கண் திறந்திருந்தது. பல்லில்லாத இடம் தெரிந்தது, தலை மின்னியது, கோட்டு இரண்டு பக்கமும் விலகிக் கிடந்தது. றொனி ஒரு கையை அவர் தோளில் அழுத்திப் பிடித்து, தலையைப் பின்னால் எறிந்து சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் பக்கத்தில் யூலியானா, சுட்டுவிரலை நீட்டி, கண்ணாடி மூக்கில் சரிய, வாயை ஆவென்று திறந்துகொண்டு.

"ஐயோ," என்றாள். "என்ரை வாயைப் பார். ஏர்னஸ்ற், மற்றப் படம் ஒண்டிலையிருந்து என்ரை முகத்தை எடுத்து இதிலை போடும்."

  றொனி தாயைப் பார்த்தான். அவளுக்கே தான் சொன்னது இப்போதுதான் கேட்டது.

"இல்லை, நான் என்ன சொன்னனான் எண்டா…"

"ஏர்னஸ்ற்," என்றார் பீலிக்ஸ், "அதிலை நீ கை வைக்கப்படாது."

"அப்ப இன்னொண்டு எடுப்பம். வடிவா. எல்லாரும் ஒழுங்காச் சிரிச்சு," என்றாள் யூலியானா.

ஆனால் பீலிக்ஸ் கோட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டார். எட்டு மணிக்குள் அடுப்புக்குப் போக வேண்டும், பஸ் வேறு நம்ப முடியாது. ஏர்னஸ்ற் கலியாண வீட்டுக்கான லைற்றுகளைக் கழற்றினான். இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்தது சண்டைக்காரி மாதிரி நிற்கும் ஒரே ஒரு படம். யூலியானாவுக்கு அழுகை வரும் போல இருந்தது, எரிச்சலில்.

"சின்னனா ஒரு பிறிண்ட் அடியும், போதும்," என்றாள் ஏர்னஸ்றிடம். "அலுமாரிக்குள்ளை வைக்க."

"பெரிசு," என்றான் றொனி. "ரெண்டு. ஒண்டு எனக்கு, தொரினோவுக்கு."

"உன்னோடை படிக்க வாற பிள்ளையள் என்னைப் பேய் எண்டு நினைக்கப் போகுதுகள்."

"நினைக்கட்டும். வந்து பாத்தா அப்பிடி இல்லை எண்டு தெரியும்தானே."

"மொனிகாவுக்கும் ஒண்டு அனுப்பு," என்றார் பீலிக்ஸ் வாசலில் நின்று, தொப்பியைக் கையில் பிடித்தபடி. அவர் ரையைக் கழற்ற மறந்திருந்தார். அப்படியே பஸ்ஸுக்கு ஓடினார்.

யூலியானா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கமெராவின் சின்னத் திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"ஒருக்காப் பெரிசாக்கிக் காட்டும், தம்பி," என்றாள். "இல்லை, என்னை இல்லை. அவரை."